பிரசிடெண்டுக்கு மைக் கட்டிய வருடங்கள்

அவர் இப்போது எந்தப் பதவியிலும் இல்லை. இருந்தாலும் மத்திகிரியைத் தாண்டி எங்கள் ஊருக்குள் வந்து, பிரசிடெண்ட் வீடு எது என்று கேட்டால், போன மாதம் குடிவந்தவர்கள்கூட அவர் வீட்டைத்தான் காட்டுவார்கள். பிரசிடெண்ட் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இப்போது பஞ்சாயத்தே கிடையாது. ஓசூர் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். பஞ்சாயத்து போய்விட்டது, பெயர் மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். கோயில் திருவிழா, பள்ளிவாசல் விழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவேன். அவர் பேசிய ஏறக்குறைய எல்லா மேடைகளுக்கும் மைக் கட்டியது நான்தான். கூட்டத்துக்கு வருகிறவன் பிடிக்காவிட்டால் எழுந்து டீ குடிக்கப் போய்விடலாம். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டுச் சலித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை அவர் மைக்கைப் பிடித்தது ஒரு தொழிற்சாலை வாசலில். இரும்பு வார்க்கும் கம்பெனி. அவர் அதில் ஃபிட்டராக இருந்தார். நிரந்தரத் தொழிலாளர்களை வெளியே அனுப்பிவிட்டுக் காண்ட்ராக்டில் ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தலைவர்கள் சட்டப் பிரிவுகளைச் சொல்லி நீளமாகப் பேசினார்கள். வெயில் ஏற ஏறக் கூட்டம் தூங்கி வழிந்தது. கடைசியில் இவரைப் பேசச் சொன்னார்கள். ஒல்லியான ஆள், கம்பெனி யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"பாய், இத எப்பிடிப் புடிக்கணும்?"

"வாய்க்கு ரொம்பக் கிட்ட வெக்காத தம்பி. நெஞ்சுக்கு நேரா புடிச்சுக்க. சாதாரணமா பேசு, மீதிய நா பாத்துக்கறன்."

அவர் சட்டம் எதையும் பேசவில்லை. தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு போட்டிருந்தவர் அவர். யானை வந்து மிதித்துவிட்டுப் போகும். மறு வருடமும் விதைப்பார், மறு வருடமும் யானை வரும். வெறுத்துப்போய் அங்கிருந்த நிலத்தை விற்றுவிட்டு இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் நிலம் வாங்கினார். அந்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அந்த வேலைதான் இவருடையது.

"யானைகிட்டருந்து தப்பிச்சு இங்க வந்தோம். நெலத்தக் குடுத்தோம், வேலயக் குடுத்தாங்க. இப்ப வேலயும் இல்ல, நெலமும் இல்ல. நாங்க இன்னும் எங்க போறது?"

அவ்வளவுதான் பேச்சு. பந்தலில் யாரும் கைதட்டவில்லை. ஓரமாகக் கூடையோடு நின்றிருந்த வேர்க்கடலைக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது இவர் கண்ணும் நனைந்திருந்தது. அன்று அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இதை நான் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், என் மனைவியிடமும்.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் ஆட்டோ ஓட்டினார். பிறகு மனை வாங்கி விற்கும் தரகு. அதில் கையில் காசு புரண்டது, நாலு பேர் பழக்கமானார்கள். ஊர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். படித்துவிட்டு வேலையில்லாமல் டீக்கடையில் நின்ற பையன்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்த வருடம் விநாயகர் சதுர்த்திக்குச் சங்கத்தின் சார்பில் மேடை போட்டார்கள். நான்தான் மைக் செட். பரிசு கொடுத்து முடித்ததும் இவர் நன்றி சொல்ல வந்தார். பேச்சுவாக்கில், "நம்ம ஊரு வேல நம்ம பசங்களுக்கு" என்றார்.

கூட்டம் கைதட்டியது. விசில் பறந்தது. அவ்வளவு சத்தம் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு அதே வார்த்தையை இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் ஓங்கிச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் அப்பாவைப் பற்றி மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் ஒரே தெருவில் மூன்று பாஷை பேசுவார்கள். அவருக்கு மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. பாகலூர்ப் பக்கம் போனால் தெலுங்கில் பேசுவார், எல்லையோர ஊர்களில் கன்னடம், கம்பெனி வாசலில் தமிழ். எந்தப் பாஷையில் பேசினாலும் விஷயம் ஒன்றுதான். நாம் எல்லோரும் ஒரு மண், ரயிலேறி வந்து குவிகிறவர்கள்தான் நம் சோற்றைப் பறிக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. தெலுங்குக்காரர், கன்னடக்காரர், தமிழர், எங்களைப் போன்ற முஸ்லிம் வீடுகள் எல்லோரையும் அவர் 'நாம்' என்ற ஒரே வார்த்தைக்குள் வைத்தார்.

அந்த 'நாம்' கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஒரே நாளில் நடந்திருந்தால் யாராவது எழுந்து கேட்டிருப்பார்கள். ஒரு கூட்டத்தில் வடக்கத்திப் பையன்கள் பான் போட்டுத் துப்புவதைச் சொன்னார், ஜனங்கள் சிரித்தார்கள். இன்னொரு கூட்டத்தில் அவர்களால் நம் பெண்கள் தெருவில் நடக்க முடியவில்லை என்றார். அதற்கடுத்து, இந்த ஊரில் யார் யார் இடம் வாங்குகிறார்கள், யார் யார் கடை வைக்கிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள் என்று கண்ணைத் திறந்து பாருங்கள் என்றார். அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கியதும் முதலில் என்னிடம்தான் வந்தார். தோளில் கை போட்டார்.

"பாய், உங்களச் சொல்லல. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நம்ம ஆளு."

"சரி தம்பி" என்றேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு இந்த மாதிரி பேசும்போதெல்லாம் இறங்கி வந்து அதையே சொல்வார். உங்களச் சொல்லல பாய். நானும் தலையாட்டுவேன்.

பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். என் புனல் ஸ்பீக்கரைக் கட்டிய பிக்கப் வண்டியில் நின்றுகொண்டுதான் ஊரைச் சுற்றி வந்தார். முகம் தெரியாத அளவுக்கு மாலை. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் பிரசிடெண்ட். நானும் அப்படிக் கூப்பிட்டபோது, "நீங்க தம்பின்னே கூப்புடுங்க பாய்" என்றார். அடுத்த தடவையும் நான் பிரசிடெண்ட் என்றபோது அவர் திருத்தவில்லை.

நல்லது செய்யாத ஆள் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாமல் கிடந்தது. அதிகாரிகளோடு சண்டை போட்டுப் புதிதாக போர்வெல் போடவைத்து, குழாய் இழுத்தார். வால்வு ரிப்பேர் என்றால் லுங்கியோடு வந்து குழிக்குள் இறங்கி நிற்பார். சாவு வீடு என்றால் முதல் ஆளாக வருவார். கூப்பிட்டால் போனை எடுக்கிற பிரசிடெண்ட் எங்களுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. ஜனங்கள் அவரைக் கொண்டாடியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதே சமயத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட்டும் அவர் கைக்கு வந்தது. முதலில் ஊர்ப் பையன்களைத்தான் அனுப்பினார். அந்தச் சம்பளத்துக்கு, அந்தச் சூட்டில், அத்தனை மணி நேரம் அவர்களால் நிற்க முடியவில்லை. ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள். பிறகு அவருடைய வேன்களில் வடக்கத்திப் பையன்கள் போய்வரத் தொடங்கினார்கள். அவர் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு அங்கேயே தங்கவைத்தார். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். ஒரு நாள் சலூனில் நான் இந்தப் பேச்சை எடுத்தேன். கத்தரித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "அவரு என்னா பண்ணுவாரு பாய், கம்பெனிக்காரன் கேக்கறான். மனசுல நம்மகூடத்தான் இக்கறாரு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூம் இருக்கிறது. அதில் ஒடிசாவிலிருந்து வந்த மூன்று பையன்கள் குடியிருந்தார்கள். சத்தமே போடமாட்டார்கள். என் மனைவியை அக்கா என்பார்கள். அவளும் குழம்பு மிஞ்சினால் மேலே கொடுத்தனுப்புவாள். அந்த வருடம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக எல்லோருடைய போனிலும் ஒரு வதந்தி சுற்றியது. பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்ற ஒரு வடக்கத்தி ஆளைப் பிடித்து அடித்துவிட்டார்கள். அடித்தவர்கள் சங்கத்துப் பையன்கள். பிரசிடெண்ட் அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அவர்களை வெளியே கூட்டிவந்தவர் அவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் போட்டார். வெளி மாநிலத்து ஆளுக்கு வாடகைக்கு விட்டவர்கள் எல்லோரும் உடனே காலி பண்ணவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் சும்மா இருக்காது என்றார். கம்பெனி ஷெட்டில், அதாவது அவருடைய ஷெட்டில், தங்கியிருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்பதையும் கூடவே சொன்னார்.

மதியம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சாப்பாடு போட்டாள். பாதி சாப்பிட்டிருப்பேன்.

"ஒங்க மைக் நல்லாத்தான் கேக்குது. நம்ம மாடி வரைக்கும் வந்துச்சு" என்றாள்.

அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறாள். பையன்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர்களுக்குத் தமிழ் அரைகுறைதான். பெரியவன் கேட்டிருக்கிறான்: "அக்கா, அந்தாளு என்னா பேசுது?"

"நீ என்னா சொன்ன?" என்றேன்.

"ஓட்டுப் பேச்சு, நீ சாப்புடுன்னேன். அவன் சாப்புடல. தட்ட வெச்சுட்டுக் கைகழுவிட்டான்."

நாங்கள் அவர்களைப் போகச் சொல்லவில்லை. சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்து வாசலில் பைக்கை நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் மாடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே மூவரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகாவுக்குள் ரூம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது பெரியவன் அறையைப் பெருக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தான்.

ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பிரசிடெண்ட் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அந்த வருடம் வரமாட்டார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டியில், கையில் பழக்கூடையோடு வழக்கம்போல வந்தார். என் மனைவி பிரியாணியும் தாளிச்சாவும் வைத்தாள். இரண்டாம் தடவை பரிமாறும்போது நின்றபடியே கேட்டாள்:

"பிரசிடெண்ட்டு, மேல இருந்த பசங்க ஒங்கள என்னா பண்ணாங்க?"

அவர் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தார். "அக்கா, மேடையில பேசறது வேற."

"வேறன்னு ஒங்களுக்குத் தெரியுது. கேட்டவங்களுக்குத் தெரியலயே."

"ஜனம் கேக்குதுக்கா. நா பேசலன்னா இன்னொருத்தன் பேசுவான். அவன் இன்னும் மோசமா பேசுவான்." இலையில் சோற்றை ஓரமாக ஒதுக்கினார். "அன்னிக்கி கேட்டு முன்னாடி அழுதுகிட்டுப் பேசனேன். வேல வந்துச்சா? யாரு கேட்டாங்க? இப்ப நா பேசனா கலெக்டர் ஆபீசுல நாற்காலி போடறாங்க."

என் மனைவி அலமாரியைத் திறந்தாள். எலுமிச்சை ஊறுகாயை எடுத்துவைத்தாள். அவரும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவரிடம் சொன்னேன்: இனிமேல் கல்யாணம், திருவிழா என்றால் வருகிறேன், கூட்டத்துக்கு வேண்டாம். எனக்கு வயதாகிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். "சரி பாய்" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கூட்டங்களுக்குச் சூளகிரியிலிருந்து வேறு செட் வந்தது. வீட்டிலிருந்தபடியே கேட்டேன். பேச்சு மாறவில்லை. அந்தச் செட்டு மட்டும் அடிக்கடி ஊளையிட்டது.

பஞ்சாயத்தை மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவர் பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. அவர் எதிர்த்தார். வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்றார். அது நியாயம்தான். என் கடை வழியாகவே வந்து கேட்டார். "பாய், இது நம்ம எல்லாருக்கும். இதுக்காவது வாங்க." போனேன்.

பழைய மைதானம்தான். போட்ட நாற்காலியில் முக்கால்வாசி காலியாக இருந்தது. மாநகராட்சி என்றால் மனை விலை ஏறும் என்று நிலம் வைத்திருந்தவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். சங்கத்துப் பையன்களில் பாதிப் பேர் இதற்குள் மனைத் தரகர்கள், அவர்களும் வரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கொஞ்சம் பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேச ஆரம்பித்தார். யாரைத் திட்டுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. வடக்கத்திக்காரர்களைச் சொல்லிப் பார்த்தார். இதற்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல அந்தப் பெண்கள் பார்த்தார்கள். பெங்களூர்க்காரர்கள் வந்து இடம் வாங்குவதைச் சொன்னார். அவர்களுக்கு விற்றுக்கொடுத்தவரே அவர்தான். அதிகாரிகளைச் சொன்னார். குரல் ஏறி ஏறி, ஒரு இடத்தில் கம்மிப்போய் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்று இறங்கிவிட்டார்.

நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது வந்து ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"ஏன் பாய், யாருமே வரல?"

"வேல நாளு. எல்லாம் ஷிஃப்ட்டுல இருப்பாங்க."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம பாய்."

இரண்டு பேருமே சிரித்தோம். அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

பஞ்சாயத்து ஆபீஸ் பலகையைக் கழற்றி வேறு பலகை மாட்டினார்கள். அடுத்து கவுன்சிலராகப் போகலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்று பேச்சு அடிபட்டது. மைக் செட்டுக்கு மீதிப் பணம் தருகிறேன் என்று கூப்பிட்டிருந்ததால் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி வீட்டோடு மாவு அரைத்து விற்கிறவர். கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"பேரு மட்டுந்தான் ஒன்னுது. வேல எல்லாம் நா பாத்துக்கறன்" என்று பிரசிடெண்ட் சொன்னார்.

"அதனாலதான் நா நிக்கல."

"என்னா பேசற நீ?"

"என் பேருல நீங்க என்னா பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும். மாவு வாங்க எல்லா வூட்டுக்காரங்களும்தான் வராங்க. நா அவங்க மூஞ்சப் பாக்கணும்."

அவர் மனைவி கிரைண்டரைத் திரும்பவும் ஓடவிட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை. பிரசிடெண்ட் என்னைப் பார்த்து, "அப்பறமா வாங்க பாய்" என்றார்.

போன வருடம் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேப்பனப்பள்ளிப் பக்கம், மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். நான்தான் மைக் செட். காலை முகூர்த்தம் முடிந்ததும் நன்றி சொல்கிறேன் என்று மைக்கை வாங்கினார். நன்றியில் ஆரம்பித்தது, மெல்ல மெல்ல நம் மண், நம் உரிமை என்று போயிற்று. பந்தி போட்டிருந்தார்கள். ஜனங்கள் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார்கள். மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் வியர்க்க வியர்க்க நின்றுகொண்டிருந்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்தார். நான் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். முழுவதும் குறைந்த பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவே இல்லை. மகள் போய்க் கையைப் பிடித்தபோதுதான் நிறுத்தினார்.

பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவருடைய காண்ட்ராக்ட் பையன்கள்தான் பரிமாறினார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தனைக் காட்டி, "பாய், ஒங்க மாடி ரூம் சும்மாத்தான இக்குது? இவனுக்கும் இவன் தம்பிக்கும் குடுங்க. ஷெட்டுல எடம் பத்தல. பீகாருப் பசங்க, தங்கமான பசங்க" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய பேச்சு எதுவும் அவர் ஞாபகத்தில் இருந்ததாகவும் தெரியவில்லை. ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று யோசிக்கும்போதே அலுப்பாக இருந்தது. "வூட்ல கேட்டுச் சொல்றன்" என்றேன்.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். பிறகு, "அவரு அனுப்பறாருன்னு வேணாம். பசங்களுக்கு எடம் வேணும்னா வரட்டும்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் பெட்டியும் பாயுமாக வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் அண்ணன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"படி ஒடஞ்சிருக்கு, பாத்து ஏறுங்க" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு முன்னால் ஏறிப்போனாள்.